கர்ப்பகால ஸ்கேன்களை வரிசையாகப் புரிந்துகொள்ளுதல்: நாள் கணக்கு முதல் வளர்ச்சி ஸ்கேன் வரை

கர்ப்பகால ஸ்கேன் அறிக்கையைக் கையில் வாங்கியதும் பெரும்பாலானோர் நேரே கடைசி வரிக்குப் போய் 'இயல்பு' என்ற சொல்லைத் தேடுகிறார்கள். எந்த வாரத்தில் எடுத்த ஸ்கேன் என்பது தெரியாமல் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை. 6 வாரம் கடந்த நிலையில் கருவின் நீளம் 5 மில்லிமீட்டர் என்றால் அது எதிர்பார்த்த அளவு. உண்மையிலேயே 9 வாரம் ஆன கருவுக்கு அதே அளவு என்றால் கவலைப்பட வேண்டிய செய்தி.

ஒவ்வொரு ஸ்கேனும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு விடை தேடுகிறது. அந்தக் கேள்விக்குரிய காலம் வருமுன் எடுத்தால் விடை கிடைக்காமல் பயம் மட்டும் மிஞ்சும். காலம் கடந்து எடுத்தால் அந்த விடை திரும்பக் கிடைக்காது. அதனால்தான் இந்த வழிகாட்டி நாள் கணக்கிலிருந்து தொடங்குகிறது. சிகிச்சை குறித்த முடிவுகள் உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவருடையவை. அவரிடம் சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்பதற்கு இது உதவும்.

1. முதலில் நாள் கணக்கைச் சரிசெய்யுங்கள்

கர்ப்பத்தின் வயது, கடைசி மாதவிலக்கு தொடங்கிய முதல் நாளிலிருந்து எண்ணப்படுகிறது. கருத்தரித்த நாள் பெரும்பாலானோருக்குத் துல்லியமாகத் தெரியாது, மாதவிலக்கு வந்த நாள் தெரியும் என்பதே இதற்குக் காரணம். ஆகவே அறிக்கையில் 6 வாரம் என்று இருந்தால், கரு உருவாகி ஏறக்குறைய 4 வாரமே ஆகியிருக்கும்.

அந்த முதல் நாளுடன் 280 நாள், அதாவது 40 வாரம் கூட்டினால் உத்தேசப் பிரசவத் தேதி கிடைக்கும். ஜனவரி 1 என்றால் அக்டோபர் 8. கைக்கணக்காகச் செய்வதானால் 9 மாதமும் 7 நாளும் கூட்டினால் போதும்.

இந்தக் கணக்கு, 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருகிறது என்றும் ஏறக்குறைய 14ஆம் நாளில் கருமுட்டை வெளியானது என்றும் வைத்துக்கொண்டு போடப்படுவது. சுழற்சி 35 நாள் என்றால் கருமுட்டை ஒரு வாரம் தாமதமாக வெளியாகியிருக்கலாம். அப்போது முதல் ஸ்கேனில் கரு ஒரு வாரம் 'சிறியதாக'த் தெரிவதில் வியப்பில்லை. சுழற்சி ஒழுங்கற்று இருந்தாலோ, பாலூட்டும் காலத்தில் கருத்தரித்திருந்தாலோ, கருத்தடை மாத்திரையை அண்மையில் நிறுத்தியிருந்தாலோ, அதை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கருத்தரித்த பிறகு வரும் லேசான உதிரக்கசிவை மாதவிலக்கு என்று எண்ணி அந்தத் தேதியைக் கொடுத்துவிடுகிறார்கள். ஸ்கேனில் கரு, கணக்கை விடப் பல வாரம் பெரியதாக இருக்கும். கடைசியாக வந்தது வழக்கமான அளவிலும் வழக்கமான நாள்களிலும் இருந்ததா என்று யோசித்துப் பார்த்து, ஐயம் இருந்தால் அதற்கு முந்தைய தேதியையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐ.வி.எஃப். முறையில் கருத்தரித்தவர்களுக்கு மாதவிலக்குத் தேதி தேவையில்லை. ஐந்தாம் நாள் கருவைக் கருப்பையில் வைத்திருந்தால் வைத்த நாளுடன் 261 நாளும், மூன்றாம் நாள் கரு என்றால் 263 நாளும் கூட்டினால் பிரசவத் தேதி வரும். இதைப் பின்னால் வரும் எந்த ஸ்கேனும் மாற்றக்கூடாது.

மாதக் கணக்கை இங்கேயே விட்டுவிடுவது நல்லது. நான்கு வாரத்தை ஒரு மாதம் என்று எண்ணுபவருக்கும் நாட்காட்டி மாதத்தை எண்ணுபவருக்கும் இடையே கடைசியில் கிட்டத்தட்ட ஒரு மாதம் வேறுபாடு வந்துவிடும். '8 வாரம் 2 நாள்' என்றால் எட்டு வாரம் முடிந்து மேலும் இரண்டு நாள் ஆகியிருக்கிறது, ஒன்பதாவது வாரம் நடக்கிறது என்று பொருள்.

2. முதல் ஸ்கேனுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

கடைசி மாதவிலக்குத் தேதி, சுழற்சியின் நீளம், சிறுநீர்ச் சோதனையில் கர்ப்பம் உறுதியான நாள், இரத்தப்பிரிவு, தினமும் உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்கள், முன்பு நடந்த அறுவைசிகிச்சைகள், முந்தைய கருச்சிதைவு அல்லது கருக்குழாய்க் கர்ப்பம் பற்றிய விவரம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரத்தப்பிரிவு நெகட்டிவ் என்றால், உதிரப்போக்கு ஏற்படும்போது ஊசி தேவைப்படுமா என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டியிருக்கும் என்பதால் அதைக் கேட்காமலே சொல்லிவிடுவது நல்லது.

ஃபோலிக் அமில மாத்திரையை ஸ்கேன் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறப்போகும் நரம்புக்குழாய், கருத்தரித்த 28 நாளுக்குள், அதாவது கர்ப்பக் கணக்கில் 6 வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. முதல் ஸ்கேனுக்குப் போகும்போது அந்த வேலை முடிந்திருக்கும். எனவே குழந்தைக்குத் திட்டமிடும்போதே தொடங்கி 12 வாரம் வரை நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் என்பது பொதுவான அளவு. முந்தைய குழந்தைக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு இருந்தவர்களுக்கும் வலிப்பு நோய்க்கான சில மருந்துகளை எடுப்பவர்களுக்கும் இதைவிட அதிக அளவு தேவை. அதை மருத்துவர் எழுதித் தருவார்.

சிறுநீர்ப்பை பற்றிய குழப்பம் ஸ்கேன் அறையின் வாசலில் அன்றாடம் நிகழ்வது. ஆரம்ப வாரங்களில் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும், ஏனெனில் அது குடலை ஒதுக்கிக் கருப்பைக்கு ஒரு சாளரம் திறந்து தருகிறது. டி.வி.எஸ். எனப்படும் உள்வழி ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும், இல்லையெனில் கருப்பை கருவியிலிருந்து விலகிப்போகும். எந்த வகை ஸ்கேன் என்பதை முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

உள்வழி ஸ்கேன் கருவைக் கலைத்துவிடுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. கருவி பிறப்புறுப்பின் உள்ளே நிற்கிறதே தவிர, கருப்பைவாயைத் தாண்டிப் போவதில்லை. கருச்சிதைவுக்கு அது காரணமாவதில்லை.

3. முதல் ஸ்கேன்: 7 வாரம் வரை பொறுத்திருப்பது நல்லது

வலியோ உதிரப்போக்கோ முந்தைய கருக்குழாய்க் கர்ப்பமோ இல்லாதவர்கள் 7 வாரம் முடிந்த பிறகு முதல் ஸ்கேனுக்குப் போகலாம். சோதனை அட்டையில் இரண்டாவது கோடு தெரிந்த மறுநாளே ஓடுபவர்கள்தான் அதிகம் அழுது திரும்புகிறார்கள். அந்த நாளில் காண்பதற்கு எதுவும் இருக்காது. எதுவும் தெரியவில்லை என்ற வரி மட்டும் அறிக்கையில் நிற்கும்.

உள்வழி ஸ்கேனில் ஒவ்வொன்றும் தெரியத் தொடங்கும் வரிசை ஏறக்குறைய மாறாதது. நாலரை முதல் 5 வாரத்தில் கருப்பையின் உட்சுவருக்குள் ஒரு சிறிய கருநிற வட்டம் தோன்றும். இதுவே ஜெஸ்டேஷனல் சாக் எனப்படும் நீர்ப்பை. ஐந்தரை வாரம் அளவில் அதற்குள் வெண்ணிற விளிம்புடன் ஒரு மெல்லிய வளையம் தெரியும். அது யோக் சாக், அதாவது கருவுக்குத் தொடக்க ஊட்டம் தரும் பை. 6 வாரம் அளவில் அந்த வளையத்தை ஒட்டி, அரிசி மணியை விடச் சிறிய வெண்கீற்று ஒன்று தெரியும், உற்றுப்பார்த்தால் அதன் நடுவில் ஒரு துடிப்பு மின்னி மின்னி மறையும். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் இவை அனைத்தும் ஏறக்குறைய ஒரு வாரம் பிந்தியே தெரியும்.

இதயத்துடிப்பின் எண்ணிக்கையும் வாரத்துக்கு வாரம் மாறும். 6 வாரத்தில் நிமிடத்துக்கு 100 முதல் 115 என்ற அளவில் தொடங்கி, 9 வாரத்தில் 170 வரை ஏறி, 14 வாரம் வாக்கில் 150க்கு அருகில் வந்து நிற்கும். பெரியவர்களின் துடிப்போடு ஒப்பிட்டு 'மிக வேகமாக இருக்கிறதே' என்று அஞ்ச வேண்டாம்.

இந்த ஸ்கேனில் மருத்துவர் விடை தேடும் கேள்விகளை அதே வரிசையில் நீங்களும் கேளுங்கள். முதலாவது, கரு கருப்பைக்குள் இருக்கிறதா என்பது. இதற்கு விடை கிடைக்கும் வரை மற்றவை இரண்டாம்பட்சம். அடுத்து, இதயத்துடிப்பு இருக்கிறதா, எத்தனை கருக்கள், கருவின் நீளம் என்ன என்பவை. கருவின் நீளம் சி.ஆர்.எல். என்ற பெயரில் அறிக்கையில் இருக்கும். தலை உச்சியிலிருந்து இடுப்பின் கீழ்முனை வரையிலான நீளம் அது.

ஸ்கேன் ஒலி அலைகளால் இயங்குகிறது. எக்ஸ்-ரேயில் இருப்பது போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை. இருப்பினும் ஆரம்ப வாரங்களில் டாப்ளர் முறையில் துடிப்பைக் காதால் கேட்பதைத் தேவையின்றிச் செய்வதில்லை, ஏனெனில் டாப்ளரின் ஆற்றல் ஒரே இடத்தில் குவிந்து திசுவைச் சூடாக்கக்கூடியது. எம்-மோடு எனப்படும் அலைக்கோடு வரைந்து துடிப்பை எண்ணிவிடலாம். துடிப்பைக் கேட்கச் செய்யவில்லை என்பதால் குறை இருப்பதாக எண்ண வேண்டாம். ஒழுங்கான முறை அதுவே.

4. துடிப்பு தெரியவில்லை என்றால்

ஒரே ஸ்கேனைக் கொண்டு கர்ப்பம் நின்றுவிட்டது என்று முடிவு செய்வதற்கு உலகெங்கும் கடைப்பிடிக்கப்படும் கறாரான அளவுகள் உள்ளன. உள்வழி ஸ்கேனில் கருவின் நீளம் 7 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு இல்லாதிருப்பது ஒன்று. நீர்ப்பையின் சராசரி விட்டம் 25 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தும் கருவே இல்லாதிருப்பது மற்றொன்று. இந்த அளவுகளுக்குக் கீழே இருந்தால் முடிவு சொல்ல முடியாது. கரு உண்மையிலேயே இளையதாக இருக்க வாய்ப்பிருப்பதால் 7 முதல் 14 நாள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும்.

மறு ஸ்கேனுக்கும் கால அளவு உண்டு. முதல் ஸ்கேனில் யோக் சாக் இல்லாத நீர்ப்பை மட்டும் இருந்திருந்தால் 14 நாளுக்குப் பிறகும், யோக் சாக்குடன் இருந்திருந்தால் 11 நாளுக்குப் பிறகும் துடிப்புள்ள கரு தெரியவில்லை என்றாலே கர்ப்பம் தொடரவில்லை என்று உறுதியாகும். இடைப்பட்ட நாள்கள் தாங்க முடியாதவை என்பதை அறிவேன். ஆனாலும் மூன்றாம் நாளே இன்னோர் இடத்தில் ஸ்கேன் எடுத்தால் அதே அரைகுறை விடைதான் கிடைக்கும், வேதனை இரட்டிப்பாகும். உடலுக்கு ஆபத்தான அறிகுறி இல்லாதவரை காத்திருங்கள். அளவுகள் எட்டப்படாத நிலையில் கருவை அகற்றும் மாத்திரை எழுதப்பட்டால், மறு ஸ்கேனுக்குப் பிறகு முடிவெடுக்கலாமா என்று கேட்பது உங்கள் உரிமை.

இரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. எனப்படும் கர்ப்ப ஹார்மோனின் அளவைப் பார்ப்பது இங்கே துணைக்கு வரும். ஒரே எண்ணைக் கொண்டு எத்தனை வாரம் என்று சொல்ல முடியாது, ஆளுக்கு ஆள் அது பெரிதும் வேறுபடும். 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, ஏறுகிறதா, தேங்குகிறதா, இறங்குகிறதா என்பதையே கவனிப்பார்கள். 3500 அலகைத் தாண்டிய பிறகும் கருப்பைக்குள் நீர்ப்பை தெரியவில்லை என்றால், கரு வேறிடத்தில் தங்கியிருக்கிறதோ என்ற ஐயம் வலுப்படும்.

பின்வரும் நிலைகளில் மட்டும் காத்திருத்தல் கூடாது: அடிவயிற்றின் ஒரு பக்கம் கடுமையாக வலித்தால், தோள் நுனியில் வலி ஏற்பட்டால், மயக்கமோ தலைச்சுற்றலோ வந்தால், உதிரப்போக்கு அதிகமாக இருந்தால் அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கருக்குழாயில் வளரும் கரு வெடித்து உள்ளே இரத்தம் கசிந்தால் தோளில் வலி தெரியும் என்பது பலர் அறியாத செய்தி.

5. பிரசவத் தேதியை ஒருமுறை நிலைநிறுத்தி, பின் மாற்றாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் வாசிக்க நேரமிருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

முதல் மூன்று மாதங்களில் எல்லாக் கருக்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கின்றன. ஆகவே அப்போது எடுக்கும் சி.ஆர்.எல். அளவு, கருவின் வயதை ஒரு வாரத்துக்கும் குறைவான பிழையுடன் காட்டிவிடும். பின்னாளில் மரபு, நஞ்சுக்கொடியின் திறன், தாயின் உடல்நிலை ஆகியவற்றுக்கேற்ப ஒவ்வொரு குழந்தையும் வெவ்வேறு அளவில் வளரும். அந்தக் கட்டத்தில் அளவைக் கொண்டு வயதைக் கணிப்பது தலைகீழான வேலை; வயதைக் கொண்டுதான் அளவை எடைபோட வேண்டும்.

தேதியை மாற்றுவதற்கான விதி எளியது. மாதவிலக்குக் கணக்குப்படி 8 வாரம் 6 நாள் வரை எடுத்த ஸ்கேனில் வேறுபாடு 5 நாளுக்கு மேல் இருந்தால் ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்ள வேண்டும். 9 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை என்றால் 7 நாளுக்கு மேல் வேறுபட வேண்டும். அதற்குள் அடங்கினால் மாதவிலக்குத் தேதியே நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஜனவரி 1 கடைசி மாதவிலக்கு. பிப்ரவரி 28 அன்று ஸ்கேன். கணக்குப்படி அன்று 8 வாரம் 2 நாள். கருவின் நீளம் 12 மில்லிமீட்டர், அதாவது 7 வாரம் 3 நாளுக்குரிய அளவு. வேறுபாடு 6 நாள், 5ஐத் தாண்டிவிட்டது. எனவே பிரசவத் தேதி அக்டோபர் 8 என்பதிலிருந்து அக்டோபர் 14க்கு மாறுகிறது. இதைக் கோப்பின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள்.

இனி அதே பெண் ஆகஸ்ட் 19 அன்று வளர்ச்சி ஸ்கேனுக்குப் போகிறார். நிலைநிறுத்திய தேதிப்படி அன்று சரியாக 32 வாரம். குழந்தையின் தலை, வயிறு, தொடை எலும்பு ஆகியவற்றின் சராசரி 30 வாரத்துக்குரியதாக இருப்பதால், கருவி தானாகவே பிரசவத் தேதி அக்டோபர் 28 என்று அச்சிட்டுத் தருகிறது. குடும்பத்தினர் தேதி தள்ளிப்போய்விட்டது என்று நிம்மதியாக வீடு திரும்புகிறார்கள். உண்மையில் அங்கே நடந்திருப்பது வேறு: 32 வாரக் குழந்தை இரண்டு வாரம் சிறியதாக இருக்கிறது, நஞ்சுக்கொடியிலிருந்து போதிய ஊட்டம் போகிறதா என்று உடனே ஆராய வேண்டும். தேதியை மாற்றியதால் அந்த எச்சரிக்கை மறைந்துபோகிறது. இரண்டாவது மூன்றாவது ஸ்கேன் அறிக்கைகளில் அச்சாகும் தேதியைப் பேனாவால் அடித்துவிட்டு, பழைய தேதியை எழுதும் மருத்துவர்கள் சரியானதையே செய்கிறார்கள்.

ஆரம்ப ஸ்கேன் எடுக்காமல் விட்டவர்களுக்கு, கிடைப்பதில் மிக முந்தைய ஸ்கேனை அடிப்படையாகக் கொள்ள வேண்டும். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 24 வாரத்துக்கு முன் ஒரு ஸ்கேனாவது வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட பரிந்துரையின் நோக்கங்களில் இந்த வயதுக் கணிப்பும் ஒன்று.

6. 8 முதல் 12 வாரம்: அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாதவை

இந்த வாரங்களில் கரு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. 8 வாரத்தில் கைகால் மொட்டுகள் தெரியும், 9 வாரம் அளவில் உடல் அசைவது திரையில் தெரியும், 10 வாரத்தில் விரல்கள் பிரிந்திருக்கும், முக்கிய உறுப்புகளின் அடிப்படை அமைப்பும் அதற்குள் உருவாகியிருக்கும்.

அதே வேளையில், பின்னாளில் குறையாகக் கருதப்படும் சில தோற்றங்கள் இப்போது முற்றிலும் இயல்பானவை. 8 வாரக் கருவின் தலைக்குள் தெரியும் கரும்பள்ளம், வளர்ந்துகொண்டிருக்கும் பின்மூளையின் அறை, நீர்க்கோவை அன்று. 8 முதல் 12 வாரம் வரை குடலின் ஒரு பகுதி தொப்புள்கொடியின் அடிக்குள் தள்ளிக்கொண்டிருக்கும். வயிற்றுக்குள் இடம் போதாததால் நடக்கும் இந்த ஏற்பாடு 12 வாரத்துக்குள் தானே சரியாகிவிடும். மண்டையோட்டு எலும்பு 11 வாரம் அளவில்தான் வெண்கோடாகத் தெரியத் தொடங்கும். எனவே 10 வாரத்தில் எடுத்த ஸ்கேனைக் கொண்டு வயிற்றுச்சுவர்க் குறையையோ மண்டையோடு இல்லை என்பதையோ உறுதிப்படுத்துவதில்லை.

7. என்.டி. ஸ்கேன்: 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை

பின்கழுத்துத் தோலுக்கு அடியில் தேங்கும் நீரின் தடிமனை அளக்கும் ஸ்கேன் இது. கருவின் நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது மட்டுமே இந்த அளவு செல்லும், அதன்பின் அந்த நீர் வடிந்துவிடும். தள்ளிப்போனால் ஈடுசெய்ய முடியாத ஸ்கேன் என்பதால் 12 வாரம் முடியும் அளவில் முன்பதிவு செய்யுங்கள்; குழந்தை ஒத்துழைக்காவிட்டால் மறுபடியும் வர நாள் மிச்சமிருக்கும்.

ஒத்துழைப்பு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. குழந்தையின் பக்கவாட்டு முகத்தோற்றம் சரியாகக் கிடைக்க வேண்டும், தலை நிமிர்ந்தும் கவிழ்ந்தும் இல்லாமல் நடுநிலையில் இருக்க வேண்டும். தலை நிமிர்ந்திருந்தால் அளவு 0.6 மில்லிமீட்டர் வரை கூடிவிடும், கவிழ்ந்திருந்தால் 0.4 வரை குறைந்துவிடும். முதுகுத்தோலின் கோடும் பனிக்குடச் சவ்வின் கோடும் ஒன்றையொன்று ஒட்டி ஒரே மாதிரித் தெரிவதால், குழந்தை துள்ளி விலகும் கணத்துக்காகத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இருமச் சொல்வார்கள், புரண்டு படுக்கச் சொல்வார்கள், சற்று நடந்துவிட்டு வரச் சொல்வார்கள். நேரம் அதிகமாகிறது என்றால் கவனமாக அளக்கிறார்கள் என்று பொருள்.

3.5 மில்லிமீட்டரைத் தாண்டும் அளவு, மரபணுப் பிழைகளோடும் இதயக் குறைபாடுகளோடும் தொடர்புடையது. மரபணுச் சோதனை சரியாக வந்தாலும் குழந்தையின் இதயத்தைத் தனியே ஸ்கேன் செய்ய வேண்டும். அதற்குக் கீழான அளவைத் தனியாக வைத்து எடைபோடாமல், தாயின் வயது, இரத்தத்தில் பேப்-ஏ என்ற கர்ப்பகாலப் புரதம் மற்றும் பீட்டா எச்.சி.ஜி. அளவுகள் ஆகியவற்றுடன் சேர்த்துக் கணக்கிடுவார்கள். 1000இல் 1 என்று விடை வந்தால், அதே நிலையிலுள்ள ஆயிரம் பேரில் ஒருவரின் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம் என்று பொருள். இது வாய்ப்பின் கணக்கே அன்றி நோயறிதல் அன்று. வாய்ப்பு கூடுதலாக இருந்தால், 10 வாரத்திலிருந்து செய்யக்கூடிய, தாயின் இரத்தத்தில் கலந்துள்ள நஞ்சுக்கொடியின் மரபணுத் துணுக்குகளை ஆராயும் என்.ஐ.பி.டி. இரத்தச் சோதனையோ, உறுதியான விடை தரும் நஞ்சுக்கொடித் திசுச் சோதனையோ, 15 வாரத்துக்குப் பிறகான பனிக்குட நீர்ச் சோதனையோ பரிந்துரைக்கப்படும். என்.ஐ.பி.டி. இயல்பு என்பதால் 20 வார ஸ்கேனை விட்டுவிடுவது பெரும்பிழை. உறுப்புகளின் அமைப்பை இரத்தச் சோதனை காட்டாது.

இதே சந்திப்பில் கருப்பைத் தமனியின் டாப்ளரையும், அதாவது அதில் இரத்தம் ஓடும் விதத்தையும், இரத்த அழுத்தத்தையும் பார்த்து, கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் உயர்ந்து உறுப்புகளைப் பாதிக்கும் பிரீஎக்ளாம்ப்சியா வருவதற்கான வாய்ப்பைக் கணிப்பார்கள். வாய்ப்பு அதிகம் என்றால் மருத்துவர் தரும் குறைந்த அளவு ஆஸ்பிரினை 16 வாரத்துக்கு முன்பே தொடங்குவதுதான் பயன் தரும், என்.டி. ஸ்கேனைத் தவறவிடக்கூடாது என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

8. இரட்டைக் குழந்தைகள் என்றால் ஒரு கேள்வி

நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா என்று 14 வாரத்துக்கு முன்பே கேட்டு, அறிக்கையில் எழுதி வாங்குங்கள். இரு குழந்தைகளுக்கும் இடையிலுள்ள சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தின் வடிவத்தைக் கொண்டு இதைச் சொல்ல முடியும். நாளாக நாளாக அந்த அடையாளம் மங்கிவிடும். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையரில் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இரத்தம் கூடுதலாகப் பாயும் ஆபத்து உண்டு என்பதால், 16 வாரத்திலிருந்து இரு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தேவை.

9. அனாமலி ஸ்கேன்: 18 முதல் 22 வாரம்

குழந்தையின் உறுப்புகளின் அமைப்பில் குறை உள்ளதா என்று பார்க்கும் ஸ்கேன் இது. இந்தக் கால அளவுக்குக் காரணம், இதயத்தின் அறைகளும் குழாய்களும் பிரித்துப் பார்க்கும் அளவுக்கு வளர்ந்திருப்பதும், எலும்புகளின் நிழல் இன்னும் பார்வையை மறைக்காமல் இருப்பதும் ஆகும். அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். மூளையின் நீரறைகள் 10 மில்லிமீட்டருக்குக் கீழ் உள்ளனவா, சிறுமூளை, மேலுதடு, முதுகுத்தண்டு, இதயத்தின் நான்கு அறைகளும் வெளியேறும் இரு பெருங்குழாய்களும், இரைப்பை, சிறுநீரகங்கள், சிறுநீர்ப்பை, வயிற்றுச்சுவர், கைகால்கள் என வரிசையாகப் பார்ப்பார்கள்.

'சரியாகத் தெரியவில்லை' என்ற குறிப்பை 'குறை இருக்கிறது' என்று வாசிப்பது மிகப் பரவலான தவறு. குழந்தை முதுகை மேலே காட்டிப் படுத்திருந்தாலோ தாயின் வயிற்றுச்சுவர் தடிமனாக இருந்தாலோ அந்தப் பகுதி தெரியாது. சில நாள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள். எதிர்த்திசையிலும் ஒரு தவறு உண்டு. இயல்பான அறிக்கை எல்லாக் குறைகளையும் விலக்கிவிடாது. இதயத்தின் சில குறைகள் பிறந்த பிறகே தெரியவரும்.

இதயத்துக்குள் ஒரு வெண்புள்ளி, மூளையின் கோராய்டு பகுதியில் சிறு நீர்க்கட்டி போன்றவை 'சாஃப்ட் மார்க்கர்', அதாவது தம்மளவில் குறை அல்லாத, மரபணுப் பிழைக்கான வாய்ப்பைச் சற்றுக் கூட்டிக்காட்டக்கூடிய அடையாளம் என்று குறிக்கப்படும். முந்தைய சோதனையில் வாய்ப்பு குறைவு என்று வந்திருந்து, இது ஒன்று மட்டும் தனியாக இருந்தால் பொதுவாக மேற்கொண்டு எதுவும் தேவையில்லை. பின்கழுத்துத் தோல் மடிப்பு 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருப்பதும் மூக்கெலும்பு தெரியாதிருப்பதும் இவற்றைப் போன்றவை அல்ல. அவற்றைக் குறித்து மரபியல் ஆலோசனை பெற வேண்டும்.

நஞ்சுக்கொடி தாழ்வாக இருக்கிறது என்று 20 வாரத்தில் சொல்லப்படுபவர்களில் பெரும்பாலோருக்கு, கருப்பையின் கீழ்ப்பகுதி நீளும்போது அது மேலே விலகிவிடும். கருப்பைவாயின் உள்துளையிலிருந்து 20 மில்லிமீட்டருக்குள் இருந்தால் 32 வாரம் அளவில் மீண்டும் பார்ப்பார்கள். முன்பு சிசேரியன் நடந்தவருக்கு நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேலேயே தாழ்ந்து ஒட்டியிருந்தால், அது கருப்பைச் சுவருக்குள் ஊடுருவியிருக்கிறதா என்று தனியாக ஆராயச் சொல்ல வேண்டும். கருப்பைவாயின் நீளம் உள்வழி ஸ்கேனில் 25 மில்லிமீட்டருக்குக் கீழ் என்றால் குறைப்பிரசவத்தைத் தடுக்கும் மருந்து பற்றி அன்றே கேளுங்கள்.

10. வளர்ச்சி ஸ்கேன்: 28 வாரத்துக்குப் பின்

இங்கே பார்க்க வேண்டிய முதல் எண் வயிற்றுச் சுற்றளவு. ஊட்டம் குறையும்போது குழந்தையின் உடல் மூளைக்கு இரத்தத்தைத் திருப்பிவிடுவதால் தலை வளர்ந்துகொண்டே இருக்க, கல்லீரல் சுருங்கி வயிறு பின்தங்கும். எடை 10ஆம் சதமானத்துக்குக் கீழே, அதாவது அதே வாரத்துக் குழந்தைகள் நூறு பேரில் மிகச் சிறிய பத்துப் பேருக்குள் இருந்தால் தொப்புள்கொடியின் டாப்ளரைப் பார்த்தே, குழந்தை இயல்பாகச் சிறியதா அல்லது ஊட்டம் போதாமல் சிறியதா என்று பிரித்தறிவார்கள்.

ஸ்கேன் காட்டும் எடை ஒரு மதிப்பீடு. 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். போன வாரம் 2000 கிராம், இந்த வாரம் 1950 கிராம், குழந்தை இளைத்துவிட்டது என்று கலங்குபவர்களுக்கு விடை இதில் இருக்கிறது: இரு ஸ்கேன்களுக்கிடையே குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் மூன்று வாரம் இடைவெளி இல்லாவிட்டால் வளர்ச்சியைக் காட்டிலும் அளவைப் பிழையே பெரிதாக இருக்கும். பனிக்குட நீரை நான்கு பகுதிகளிலும் அளந்து கூட்டினால் 5 முதல் 25 சென்டிமீட்டர் வரையிலும், ஒரே ஆழமான பகுதியை அளந்தால் 2 முதல் 8 வரையிலும் இயல்பாகக் கொள்ளப்படும். இரண்டில் எந்த முறையில் அளந்தார்கள் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டால் வீண் கலக்கமே வரும்.

11. அறிக்கையை வாசிக்கும் வரிசை

அறிக்கை கையில் வந்ததும் முதலில் ஸ்கேன் எடுத்த தேதியையும், நீங்கள் நிலைநிறுத்திய பிரசவத் தேதிப்படி அன்று எத்தனை வாரம் என்பதையும் மேலே எழுதுங்கள். பிறகு அளவுகளை அந்த வாரத்தோடு ஒப்பிடுங்கள். அதன்பின் நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், இதயத்துடிப்பு ஆகிய வரிகளுக்கு வாருங்கள். மருத்துவரின் முடிவுரையைக் கடைசியில் வாசித்து, புரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டு அடுத்த சந்திப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். பழைய அறிக்கைகள் அனைத்தையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வைத்து, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அந்தக் கோப்புடனேயே செல்லுங்கள். முந்தைய அளவு கண்ணெதிரே இல்லாவிட்டால், ஸ்கேன் செய்பவரால் அன்றைய அளவை மட்டுமே சொல்ல முடியும், வளர்ச்சியைச் சொல்ல முடியாது.

ஸ்கேன் தேதி அருகில் இருக்கிறது என்பதற்காகச் சில அறிகுறிகளைத் தள்ளிப்போடாதீர்கள். உதிரப்போக்கு, நீர் வடிதல், தீராத தலைவலியுடன் பார்வை மங்குதல், குழந்தையின் அசைவு வழக்கத்தை விடக் குறைதல் ஆகியவை தோன்றினால், நேற்றைய ஸ்கேன் இயல்பு என்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஸ்கேன் அது எடுக்கப்பட்ட வேளையின் நிலையைத்தான் காட்டும், அதற்குப் பிறகு நடப்பதை முதலில் உணர்பவர் தாயே.